மீட்க முடியாத முன்பணம்: மலிவு யாருக்கு? இழப்பு யாருக்கு?

 

வழக்கமாக இங்கே பாடத்திட்டம், வாசிப்புப் பழக்கம், வகுப்பறை மேலாண்மை ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இம்முறை அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சொகுசுக் கப்பல் பயணத்திற்குக் கட்டுகின்ற முன்பணத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். பள்ளிக்கூடத்திற்கும் சொகுசுக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக என் மனத்தை அறுத்துக் கொண்டிருக்கும் ஒரு தவறு இதில் இருக்கிறது. அத்தவறு என்னுடையது. ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் யாரேனும் ஒருவர் நம் அனைவரின் பணத்தையும் திரட்டிப் பயணத்திற்கு ஏற்பாடு செய்கிறார். அந்த ஒருவராக நாளை நீங்களும் இருக்கக்கூடும். ஆகவேதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

2023 சூலை மாதம். எங்கள் பள்ளி ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக 18 பேர் கப்பல் பயணம் செல்வதென்று முடிவாயிற்று. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்குத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். இருவருக்கு ஓர் அறை வீதம் ஒன்பது அறைகள். அவ்வாண்டுப் பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியிருந்ததால் நீண்ட விடுமுறை 2024 பிப்ரவரியில்தான் வந்தது. எனவே பயணத்தைப் பிப்ரவரி இறுதியில் வைத்துக்கொண்டோம். ஏற்பாட்டுப் பொறுப்பை நான் ஏற்றேன்.

பயண முகவர் தொலைபேசியில் என்னிடம் இரண்டு விலைகளைச் சொன்னார். ஒன்று, முன்பணத்தை மீட்கக்கூடிய விலை. மற்றொன்று, முன்பணத்தை மீட்க முடியாத விலை. இரண்டிலும் முன்பணம் ஆளுக்கு 600 ரிங்கிட்டுதான். ஆனால், மீட்க முடியாத வகையில் மொத்தக் கட்டணம் ஆளுக்கு 150 ரிங்கிட் குறைவு. "எது வேண்டும் டீச்சர்?" என்று கேட்டார்.

நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எல்லாரும் கட்டாயம் வருவார்கள். குறைந்த விலையே போடுங்கள்" என்றேன். பிறகு புலனக் குழுவில், "சலுகை விலை கிடைத்துள்ளது. ஆளுக்கு 600 ரிங்கிட் முன்பணம். வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள்" என்று எழுதினேன். நன்றி சொல்லியும் கைகூப்பியும் பதில்கள் வந்தன. அந்தப் பணம் எந்த நிலையிலும் திரும்பாது என்னும் செய்தியை நான் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. அது எழுதத்தக்க செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரு வகை முன்பணம்

மேலே செல்வதற்கு முன், இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பலர் இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கின்றனர்.

மீட்கக்கூடிய முன்பணம் என்றால், பயண நாள்வரை எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று பொருளன்று. ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் மீதிப் பணம் முழுவதையும் கட்டி முடிப்பதற்கு ஓர் இறுதி நாளை வைத்திருக்கிறது. பொதுவாக அது கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால் வரும். அந்த நாளுக்கு முன்பு விலகினால்தான் முன்பணம் முழுதாகத் திரும்பும். அந்த நாளைத் தாண்டிவிட்டால் எந்த வகை முன்பணமாக இருந்தாலும் பிடித்தம் உண்டு. பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தத்தின் விழுக்காடு ஏறிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் கட்டிய பணம் முழுவதுமே போய்விடும்.

மீட்க முடியாத முன்பணமோ கட்டிய அன்றே நம் கையைவிட்டுப் போனது. மறுவாரமே விலகினாலும் வராது. சில நிறுவனங்கள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும். ஆனால், அதற்கு ஆளுக்கு 100 அமெரிக்க டாலர்வரை கட்டணம் கேட்பதுண்டு. 2023 அக்டோபரில் 100 டாலர் என்பது 470 ரிங்கிட்டுக்கு மேல். 600 ரிங்கிட்டைக் காப்பாற்ற 470 ரிங்கிட் செலவிடுவதில் என்ன பயன்?

சுருங்கச் சொன்னால், மீட்க முடியாத வகையில் கிடைக்கும் தள்ளுபடி நிறுவனம் நமக்குத் தரும் அன்பளிப்பன்று. மனத்தையோ சூழ்நிலையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையை நாம் விற்கிறோம். அந்த உரிமைக்கு அவர்கள் கொடுக்கும் விலைதான் அந்த 150 ரிங்கிட்.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

அந்த விலை நியாயமானதா? இதை ஆறாம் ஆண்டு மாணவர்களே போட்டுவிடக்கூடிய ஒரு பிரச்சனைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம்.

ஒருவர் தம் வாழ்நாளில் இதேபோல் ஐந்து பயணங்களுக்குப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். நான்கு பயணங்கள் நடக்கின்றன. ஒன்றிலிருந்து, இறுதி நாளுக்கு முன்பே, அவர் விலக நேர்கிறது. ஐந்திலும் மீட்கக்கூடிய வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், நடந்த நான்கு பயணங்களுக்கும் தலா 150 வீதம் 600 ரிங்கிட் கூடுதலாகக் கட்டியிருப்பார். விலகிய பயணத்தில் இழப்பில்லை. ஐந்திலும் மீட்க முடியாத வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், நடந்த நான்கில் கூடுதல் செலவில்லை. விலகிய ஒன்றில் 600 ரிங்கிட்டை இழந்திருப்பார். ஆக, இரண்டும் சமம்.

எனவே, ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவாகவே விலக நேரும் என்று உறுதியாக நம்புகிறவருக்கு மீட்க முடியாத வகை இலாபம். அதற்கு மேல் என்றால் மீட்கக்கூடிய வகைதான் இலாபம். தள்ளுபடி இன்னும் சிறியதாக, எடுத்துக்காட்டாக 50 ரிங்கிட்டாக இருந்தால், இந்த எல்லை பதின்மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். உங்கள் முகவர் கொடுக்கும் எண்களை வைத்து நீங்களே இப்படிப் போட்டுப் பார்க்கலாம். முன்பணத்தைத் தள்ளுபடியால் வகுத்து, அதனோடு ஒன்றைக் கூட்டுங்கள். 600ஐ 150ஆல் வகுத்தால் 4. ஒன்றைக் கூட்டினால் 5. அவ்வளவுதான்.

இக்கணக்கின்படி நான் செய்தது தவறே அன்று. 18 பேரில் மூவர் விலகினாலும் எங்கள் குழுவிற்கு மொத்தத்தில் இலாபமே. கணக்கு சரி. அப்படியானால் தவறு எங்கே?

கணக்கில் வராத ஒருத்தி

எங்கள் குழுவில் பாலர் வகுப்புத் துணையாளர் ஒருவரும் இருந்தார். எங்களைப் போன்ற ஊதியம் அவருக்கு இல்லை. அவர் பயணத்திற்குப் பெயர் கொடுத்தபோது எனக்கே சற்று வியப்பாக இருந்தது. தமக்காக மட்டுமன்றித் தம் தாயாருக்கும் சேர்த்து 1,200 ரிங்கிட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். பத்து ரிங்கிட் தாள்களும் ஐம்பது ரிங்கிட் தாள்களும் கலந்த கட்டு அது.

தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவருடைய தந்தை 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவராம். நம்மில் பலருடைய பாட்டன்மாரின் கதையும் அதுதானே! 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம்மவர்களைச் சுமந்தது. 1973இல் அதன் இடத்திற்குச் சிதம்பரம் கப்பல் வந்தது. 1985இல் அதில் நேர்ந்த தீ விபத்தோடு இந்தியாவுக்கும் நமக்குமான அந்தக் கடல்வழிப் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. அந்த அம்மையார் பினாங்கிற்குப் பேருந்தில் பலமுறை போயிருக்கிறார். ஆனால், தம் தந்தை கண்டதைப் போலக் கடலில் இருந்தபடி பினாங்குக் கரையைப் பார்த்ததில்லை. "அப்பா கப்பல்ல இருந்து பார்த்தத நானும் ஒருதரம் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று மகளிடம் சொன்னாராம். அதற்காகத்தான் அந்த 1,200 ரிங்கிட்.

அக்டோபரில் தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது. மகள் ஊதியமில்லா விடுப்பு எடுக்கும் நிலை. மீதிப் பணம் கட்ட வேண்டிய இறுதி நாளோ டிசம்பரில்தான். அதாவது, மீட்கக்கூடிய வகையில் பதிந்திருந்தால் 1,200 ரிங்கிட்டும் ஒரு காசு குறையாமல் அவருக்குத் திரும்பியிருக்கும்.

நான் முகவரை அழைத்தேன். கப்பல் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். மருத்துவமனைச் சான்றிதழை அனுப்பினேன். ஓர் அறையில் உள்ள இருவரில் ஒருவர் மட்டும் மாறினால் பெயரை மாற்றித் தர இயலும், இருவருமே விலகினால் அப்பதிவு நீங்கிவிடும் என்று பதில் வந்தது. பதிவுப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது. கீழே என் கையொப்பமும் தெளிவாகவே இருந்தது.

மருத்துவமனைக்குப் போய் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை டீச்சர். கட்டும்போதே திரும்பி வராதுன்னு தெரிஞ்சிருந்தா அம்மாவுக்காகக் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றார். அச்சொற்களில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. தாயாருக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததும் வயதானதும் அவருக்குத் தெரியும். தம் குடும்பத்தின் கணக்கைப் போடத் தெரிந்தவர் அவர். அக்கணக்கைப் போடும் வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவேயில்லை.

இலாபம் பலருக்கு, இழப்பு ஒருவருக்கு

இந்த இடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

தனி ஒருவர் தமக்காக மீட்க முடியாத முன்பணத்தைத் தேர்ந்தெடுப்பது அவருடைய சொந்தத் துணிச்சல். இன்று இலாபம் பெறுபவரும் நாளை இழப்பவரும் அவரே. அது நேர்மையான பந்தயம். ஒரு குழுவிற்காக அதைத் தேர்ந்தெடுப்பது முற்றிலும் வேறு. அங்கே பயணம் போகிறவர்கள் எல்லாருக்கும் 150 ரிங்கிட் உறுதியான இலாபம். இழப்பு முழுவதும், ஏற்கெனவே துன்பம் வந்து நிற்கிற ஒருவரின் தலையில். நோய் வந்தவர், வேலை போனவர், வீட்டில் இறப்பு நேர்ந்தவர் ஆகியோர்தாமே பயணத்திலிருந்து விலகுகின்றனர்? நலமாக இருப்பவர்களின் தள்ளுபடியை நலிந்தவர் கட்டித் தீர்க்கும் ஏற்பாடாக அது மாறிவிடுகிறது. நாங்கள் 16 பேரும் சேர்ந்து 2,400 ரிங்கிட்டை மிச்சப்படுத்தினோம். அவர் 1,200 ரிங்கிட்டை இழந்தார். இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அத்தாளிலேயே இன்னொரு வகுத்தலையும் செய்தேன். 1,200ஐ 16ஆல் வகுத்தால் 75. அதாவது, நாங்கள் ஒவ்வொருவரும் மிச்சப்படுத்திய 150இல் சரிபாதியைத் திருப்பித் தந்தால் அவருடைய இழப்பு முழுவதும் தீர்ந்துவிடும். அப்போதும் எங்கள் கையில் ஆளுக்கு 75 ரிங்கிட் மிச்சம் இருக்கும்.

இதைக் குழுவில் எழுதினேன். பத்துப் பேர் அன்றே கொடுத்தனர். சிலர் பதில் எழுதவில்லை. ஓர் ஆசிரியர் மட்டும் நேரில் வந்து தம் மறுப்பைச் சொன்னார். "உதவி என்று கேளுங்கள், நூறு ரிங்கிட்டே தருகிறேன். ஆனால், கடன்பட்டதைப் போலக் கணக்குப் போட்டுக் கேட்காதீர்கள். பயணம் என்றால் வருவதும் வராமல் போவதும் அவரவர் பொறுப்பு" என்றார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முன்கூட்டியே பேசாத ஒன்றைப் பின்னால் கடமையாக்குவது முறையன்று. ஆனால், முன்கூட்டியே பேசாதது யாருடைய பிழை? அந்தத் துணையாளருடையதன்று. ஆகவே, குறைந்த 450 ரிங்கிட்டை நானே போட்டு 1,200ஐ நிறைவு செய்தேன்.

அவர் முதலில் வாங்க மறுத்தார். பிறகு தாயாரின் இயன்மருத்துவச் செலவுக்கென்று வற்புறுத்தியபோது வாங்கிக்கொண்டார். பணம் சேர்ந்துவிட்டது. ஆயினும் எங்கள் இருவருக்கும் இடையே முன்பிருந்த அந்த இயல்பான பேச்சு இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. உரிமையாகத் திரும்ப வந்திருக்க வேண்டிய பணம் நன்கொடையாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நன்கொடை வாங்கியவர் கொடுத்தவரின் முகத்தை நேராகப் பார்ப்பது எளிதன்று. மீட்க முடியாமல் போனது முன்பணம் மட்டுமன்று.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மரண சகாய நிதி என்று ஒன்று இருந்தது. மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொகையைக் கட்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அடக்கச் செலவுக்கு அப்பணம் போய்ச் சேரும். வாங்கியவர் யாரும் தலைகுனிந்ததில்லை. ஏனென்றால் அவரும் கட்டியவரே. எழுத்தறிவு குறைந்த நம் பெற்றோர்கள் துன்பம் வருவதற்கு முன்பே அதைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். பட்டமும் பயிற்சியும் பெற்ற நாம் தள்ளுபடியை மட்டும் பங்கிட்டுக் கொள்கிறோம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மீட்க முடியாத வகையே கூடாது என்பது என் கருத்தன்று. கணவனும் மனைவியுமாக, நலத்தோடு, தேதி உறுதியான நிலையில், தம் பணத்தில் போகிறவர்கள் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். முன்பணம் சிறியதாகவும் தள்ளுபடி பெரியதாகவும் இருந்தால் அதுவே அறிவுடைமை.

ஆனால், ஆசிரியர்களாகிய நமக்குத் தேதி உறுதி என்பதே ஐயத்திற்குரியது. நமக்குப் பள்ளி விடுமுறைதான் விடுப்பு. மற்ற அரசு ஊழியர்களைப் போல நினைத்த மாதத்தில் நீண்ட விடுப்பு எடுக்க இயலாது. அப்பள்ளி விடுமுறையோ சில ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் பள்ளித் தவணை மார்ச்சுக்கு நகர்ந்தது. 2025இல் பிப்ரவரியில் தொடங்கியது. 2026இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியது. நவம்பர், டிசம்பர் என்று நம் எலும்பில் ஊறியிருந்த நீண்ட விடுமுறை பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் ஓடிவிட்டு வந்திருக்கிறது. கப்பல் நிறுவனங்கள் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பதிவைத் திறந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டின் பள்ளி நாள்காட்டி அதிகாரப்பூர்வமாக வெளிவருவதற்கு முன்பே பதிகின்ற ஆசிரியர், மீட்க முடியாத வகையைத் தொடவே கூடாது என்பேன். பாலர் வயதுக் குழந்தையோ முதிய பெற்றோரோ வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பயிற்சிக் கல்லூரியில் எங்கள் கணித விரிவுரையாளர், பிரச்சனைக் கணக்கில் முதலில் எண்களைப் பார்க்காதே, கேள்வியைப் பார் என்பார். முன்பணத்திலும் அப்படித்தான். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பின்பு பணத்தை எடுங்கள்.

1. இந்த முன்பணம் மீளுமா, மீளாதா? மீளும் என்றால் எந்தத் தேதிவரை? அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.

2. முகவர் தனியாகச் சேவைக் கட்டணம் பிடிப்பாரா? கப்பல் நிறுவனம் முழுதாகத் திருப்பித் தந்தாலும் இடையில் இது கழியலாம்.

3. திரும்புவது பணமா, அடுத்த பயணத்திற்கான வரவுச்சீட்டா? வரவுச்சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. மறுபடியும் போக இயலாதவருக்கு அதனால் பயனில்லை.

4. பெயரை மாற்றலாமா? எத்தனை பேரை? எந்த நாள்வரை?

5. அறையில் உள்ள இருவரில் ஒருவர் விலகினால் மற்றவர் எவ்வளவு கட்ட வேண்டும்? கப்பல் கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் போடப்படுகிறது. தனியாக எஞ்சியவரிடம் ஏறக்குறைய இருவர் கட்டணத்தையே கேட்கும் நிறுவனங்கள் உண்டு. ஒருவர் விலகினால் அவரோடு சேர்ந்து இன்னொருவரும் அடிபடுவது இதனால்தான்.

6. துறைமுக வரியும் பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகையும் சொன்ன விலையில் அடங்குமா? இரு விலைகளையும் ஒப்பிடும்போது இவை ஒன்றில் சேர்ந்தும் மற்றொன்றில் சேராமலும் இருந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

பயணக் காப்புறுதியைப் பற்றியும் ஒரு சொல். நெருங்கிய குடும்பத்தினரின் கடும் நோய், இறப்பு போன்றவற்றால் பயணம் தடைப்பட்டால் இழப்பீடு தரும் திட்டங்கள் உள்ளன. முன்பணம் கட்டிய கையோடு வாங்கினால்தான் அவற்றால் முழுப் பயன். நோய் வந்த பிறகு வாங்கி என்ன செய்வது? முன்பே இருந்த நோய்களுக்குப் பல திட்டங்கள் இழப்பீடு தருவதில்லை. மனம் மாறியதற்கும் அவை பொறுப்பேற்பதில்லை. ஆகவே, காப்புறுதி இருக்கிறதே என்று மீட்க முடியாத வகைக்குத் தாவ வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மீட்கக்கூடியது என்று எழுதியிருந்தாலும் நிறுவனமே கவிழ்ந்துவிட்டால் மீட்பது கடினம். 2022 சனவரியில் ஜென்டிங் ஹாங்காங் நிறுவனம் கடன் சுமையால் பெர்முடா நீதிமன்றத்தை நாடியதும், அதன் கீழிருந்த கப்பல் நிறுவனங்கள் முடங்கியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கடன் அட்டையில் கட்டினால் வங்கியின்வழி பணத்தைக் கோரிப் பார்க்கும் வாய்ப்பாவது இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. முகவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்பதையும் பாருங்கள். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி அந்த உரிமம் கட்டாயம். சொன்னதற்கு மாறாக முகவர் நடந்துகொண்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட்வரை அங்கே கோரலாம். எங்கள் விசயத்தில் அங்கே போக வழியில்லை. முகவர் கேட்டார், நிறுவனம் எழுதியிருந்தது. சொல்லாமல் விட்டவள் நான்.

பிறர் பணத்தைத் தொடுகிறவர்களுக்கு

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கல்விச் சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் நாம் பெற்றோரிடம் முன்பணம் வாங்குகிறோம். பேருந்துக்கும் தங்கும் விடுதிக்கும் இதே இரு வகை விலைகள் உண்டு. அங்கேயும் குறைந்த விலையை வாங்கிவிட்டுத் திறமையாகப் பேசிக் குறைத்தோம் என்று கூட்டத்தில் கைத்தட்டல் பெறுகிறோம். கடைசி வாரத்தில் அம்மைநோயால் வராமல்போன பிள்ளையின் தந்தை பணத்தைக் கேட்டால், "அது அப்படித்தான் ஐயா" என்கிறோம்.

இனி மூன்று வழக்கங்களை நாம் கைக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலாவது, பணம் கேட்கும் அதே செய்தியில், தொகைக்குப் பக்கத்திலேயே, அது திரும்புமா திரும்பாதா என்பதை எல்லாருக்கும் புரியும் தமிழில் எழுத வேண்டும். இரண்டாவது, மீட்க முடியாத விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரின் ஒப்புதலையும் தனித்தனியாகப் பெற வேண்டும். குழுவில் யாரும் மறுக்கவில்லை என்பது ஒப்புதலாகாது. குறைந்த ஊதியம் உள்ளவர் பலர் முன்னிலையில் "எனக்கு அந்த விலை வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார். மூன்றாவது, ஒப்புதல் கிடைத்தால், கிடைத்த தள்ளுபடியில் பாதியை முதலிலேயே பொதுவில் எடுத்து வைக்க வேண்டும். யாரும் விலகவில்லையென்றால் பயண முடிவில் பங்கிட்டுக் கொள்ளலாம். யாரேனும் விலகினால் அது அவருக்குரிய பணம். அவர் யாரிடமும் கைநீந்த வேண்டியதில்லை.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செயலில் இறங்கும் முன் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் நான், தொலைபேசியில் அரை நிமிடத்தில் பதினெட்டுப் பேருக்காக முடிவெடுத்தேன். சொல்லிக் கொடுப்பவர்க்கும் பாடம் தேவைப்படுகிறது.

அண்மையில் ஆசிரியர் அறையில் மறுபடியும் பயணப் பேச்சு எழுந்தது. என்னையே ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். ஏற்றுக்கொண்டேன். இம்முறை முகவர் பேசத் தொடங்கியதும், "இரண்டு விலைகளையும் எழுதி அனுப்புங்கள். நான் எல்லாரிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். குழுவில் இரண்டையும் போட்டேன். கீழே இறுதி நாளையும் போட்டேன். பெரும்பாலானோர் மீட்கக்கூடியதையே கேட்டனர். அன்று மறுப்புச் சொன்ன ஆசிரியரும் அதையே கேட்டார். அவருடைய தந்தைக்கு இப்போது உடல்நலம் சரியில்லை.

அந்தத் துணையாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கப்பலில் சக்கர நாற்காலிக்கு வசதியான அறை கிடைக்குமா என்று கேட்டார். சில அறைகள் அவ்வாறு உண்டு, விரைவில் பதிய வேண்டும் என்றேன்.

"முன்பணம் திரும்புமா டீச்சர்?" என்று கேட்டார்.

"திரும்பும். இறுதி நாள்வரை திரும்பும்" என்றேன். தேதியை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் யோசிக்கட்டும். அந்த உரிமைக்கு 150 ரிங்கிட் அதிகமில்லை.